பவளத்தோடு ஒட்டி வரும் நத்தைக்கும் நான்தான் காசு கொடுக்க வேண்டுமா?

பாறையில் குழல் கட்டி ஒட்டி வாழும் வெர்மெட்டிட் நத்தை ஒன்றும் செய்யாது என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், அவரைக் குன்னூருக்கு வரவழைத்து பவளம் வளர்க்கும் என் கடல்நீர் ரீஃப் தொட்டியின் முன்னால் ஒரு பகல் முழுவதும் உட்கார வைக்கப் போகிறேன். பாறை மேல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஊதாவும் பழுப்பும் கலந்த சுண்ணாம்புக் குழல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு குழலின் வாயிலிருந்தும் சிலந்தி நூலைப் போன்ற சளியிழை ஒன்று புறப்பட்டு, பவர்ஹெட் பம்பு தள்ளும் நீரோட்டத்தில் அலைந்து, பக்கத்தில் விரிந்திருக்கும் ஜோவாக்களின் (கல் கூடு கட்டாத சிறு பவள உயிர்களின்) மேல் படிகிறது. இழை பட்டதும் ஜோவா சுருங்குகிறது. சற்று நேரத்தில் நத்தை அந்த இழையை, அதில் சிக்கிய துகள்களோடு உள்ளே இழுத்துத் தின்றுவிட்டு அடுத்ததை வெளியே விடுகிறது. மறுபடி விரியப் பார்க்கும் ஜோவா மறுபடியும் சுருங்குகிறது. விரியாத உயிருக்கு வெளிச்சம் ஏது? வெளிச்சம் இல்லையென்றால் அதன் திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரிக்கும் நுண்பாசிகளுக்கு வேலை ஏது?

இது என் மனப்பிரமை அல்ல. பிரெஞ்சுப் பாலினீசியாவின் மூரியா தீவில் கடலிலேயே ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அங்குள்ள பெரிய வெர்மெட்டிட் இனம் ஒன்று, கல்பவளங்களின் வளர்ச்சியை 81 விழுக்காடு வரையிலும், அவை பிழைத்திருக்கும் வாய்ப்பை 52 விழுக்காடு வரையிலும் குறைத்திருந்தது. தொட்டிக்குள் வருவது அதைவிடச் சிறிய இனம் என்பது உண்மைதான். ஆனால் கடலில் அதற்கு எதிரிகள் உண்டு, பரந்த இடம் உண்டு. என் தொட்டியில் இருப்பது நான்கு கண்ணாடிச் சுவர்களும், மீனுக்கு நான் தினமும் போடும் தீனியும் மட்டுமே.

என் கோபமெல்லாம் நத்தையின் மேல் அல்ல, அதை எனக்கு அனுப்பி வைத்தவர் மேல்தான். ஜோவா ஃபிராக் (வளர்ப்பதற்காக வெட்டித் தரும் சிறு துண்டு) ஒன்றைச் சமவெளியிலுள்ள விற்பனையாளர் ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். டிப் செய்து (ஒட்டுயிர்களைக் கொல்லும் மருந்து நீரில் முக்கி), தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே அனுப்புவதாக உறுதி சொன்னார். இங்கே வந்த பிறகு நானும் டிப் செய்தேன், நானும் தனியே வைத்துப் பார்த்தேன். டிப் மருந்து பட்டதும் இந்த நத்தை குழலுக்குள் ஆழமாகச் சுருண்டுகொள்கிறது. மருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் நாம் பவளத்தை வெளியே எடுத்துவிடுகிறோம். ஃபிராக்கை ஒட்டித் தரும் பிளக் என்னும் சிறு வில்லையின் அடிப்பக்கத்துப் பள்ளத்தில் புள்ளியளவு இருந்த குஞ்சுகள் வளர்ந்து குழல் கட்டிய பிறகே கண்ணுக்குத் தெரிந்தன. படம் எடுத்து அனுப்பிக் கேட்டால், "சார், அது எல்லார் டேங்க்லயும் இருக்கிறதுதான், ஒண்ணும் பண்ணாது, விட்டுடுங்க" என்கிறார். எல்லாருடைய தொட்டியிலும் இருப்பது எப்படி என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்! இப்படி ஒவ்வொரு பிளக்கிலும் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினால் எல்லார் தொட்டியிலும் இருக்காமல் வேறென்ன செய்யும்?

சென்னையில் இருப்பவர் கொளத்தூர் அலங்கார மீன் கடைகள் பக்கம் போய், பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாம். மலையில் இருக்கும் எங்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிட்டு, மேட்டுப்பாளையம் வரை வரும் பார்சல், ஐப்பசி கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரியாமல் மேலே ஏற வேண்டுமே என்று காத்திருக்கிறோம். பைக்குள் இருக்கும் நீர் குளிர்ந்து, பாதி உயிரோடு வந்து சேரும் ஃபிராக்கைத் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமா? அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எங்களுக்குக் கழிவுப் பிளக்குகளை அனுப்புகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

வந்த பிறகு அதை ஒழிப்பது எளிதா என்றால் அதுவும் இல்லை. செம்பு மருந்து ஊற்றினால் நத்தையோடு பவளம், இறால், நண்டு எல்லாம் சேர்ந்து சாகும். இந்த நத்தைக்குத் துணையைத் தேடி நகர வேண்டிய அவசியமே இல்லை: ஆண் நீரில் விடும் விந்துப் பொதிகள் மிதந்து வந்து பெண்ணின் சளி வலையில் சிக்கிக்கொள்கின்றன. முட்டைகளைப் பெண் தன் குழலுக்குள்ளேயே வைத்து வளர்க்கிறது. வெளியே வரும் குஞ்சு ஊர்ந்துபோய் அருகிலேயே ஒட்டிக்கொள்கிறது. பாறை முடிந்ததும் பவர்ஹெட்டின் உறை, நீர் வழிந்தோடும் ஓவர்ஃபுளோவின் பற்கள், ஹீட்டரின் பிடிமானம் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. குழலை வெறுமனே உடைத்தால் உள்ளே ஒளிந்திருப்பது திரும்பவும் கட்டிவிடும். அந்தக் குழலுக்கான சுண்ணாம்போ நான் பாறையில் படரும் பவளப்பாசிக்காக அளந்து ஊற்றும் கால்சியத்திலிருந்து போகிறது. ஒவ்வொரு குழலையும் குறட்டால் அடியோடு நறுக்கி, ஓட்டையை சூப்பர் குளூ ஜெல் வைத்து அடைக்க வேண்டும். உடைந்த குழலின் விளிம்பு பிளேடாக விரலைக் கிழிக்கும்.

மார்கழியில் குன்னூரில் இந்த வேலையைச் செய்து பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். தொட்டி 25 பாகை செல்சியசில் இருக்கிறது, அறை அதில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பாறையை வெளியே எடுத்து வைத்து நிதானமாகப் பசை தடவ வழியில்லை. பக்கத்தில் இன்னொரு ஹீட்டர் போட்ட உப்புநீர் வாளியை வைத்துக்கொண்டு, முக்கி எடுத்து, ஒன்றிரண்டு குழல்களை அடைத்து, மறுபடி முக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துவிடவும் பயமாக இருக்கிறது. ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், நீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. அத்தனை நத்தைகளும் ஒருசேர அழுகினால், நடுவில் கரண்டும் போனால், விடிவதற்குள் மீன்கள் மிதக்கும்.

இதற்குத் தீர்வாக அதே விற்பனையாளர் பம்பிள்பீ நத்தையை விற்கப் பார்க்கிறார். அது வெர்மெட்டிட்டைத் தின்னும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அது ஊன் உண்ணும் நத்தை. மணலில் நமக்கு வேண்டிய சிறு புழுக்களையும் சேர்த்துத்தான் தின்னும். நோயையும் அவரே விற்று, மருந்தையும் அவரே விற்பதை நான் வியாபாரம் என்று ஏற்க மாட்டேன்.

அவர்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. பவளத்தைப் பழைய பிளக்கிலிருந்து கத்தியால் பெயர்த்து, அடிப்பகுதியைச் சுரண்டி, புதிய பிளக்கில் ஒட்டித் தர வேண்டும். ஜோவாவுக்கும் காளான் பவளத்துக்கும் இது சில நிமிட வேலை. புதிய பிளக்கின் விலை அவர்கள் வாங்கும் பணத்துக்கு முன்னால் ஒரு பொருட்டே அல்ல. கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் நான் அவற்றைக் கேட்பதே இல்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளப்பாறை என்று யாராவது காதில் ஓதினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறேன். சட்டத்துக்குள் நின்று, சுத்தமான ஒரு ஜோவா ஃபிராக்கை மட்டும் கேட்பவனுக்கு அதைச் சுத்தமாகக் கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

இனி பிளக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பி வைத்து, வெளிச்சத்தில், அருகிலிருந்து எடுத்த படம் வராமல் யாருக்கும் பணம் அனுப்பப் போவதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களும் அப்படியே கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் கடையிலிருந்து எதையும் வாங்காதீர்கள்.