டயாலிசிஸ் செய்பவர்கள் புரதத்தை ஒதுக்க வேண்டுமா?

‘டயாலிசிஸ் செய்பவர்கள் புரதத்தைத் தொடவே கூடாது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. புரதக் கட்டுப்பாடு டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்தைய கட்டத்துக்கு உரியது. ஒவ்வொரு முறை ஹீமோடயாலிசிஸ் (இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்யும்போதும், கழிவோடு புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களும் சில கிராம் வெளியேறிவிடுகின்றன. அதனால் உடல் எடையில் கிலோவுக்கு, நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம்.

புரதத்தைக் குறைத்தால் வரும் கேடு தராசில் தெரியாது, அதுதான் எனக்குப் பெரிய பயம். தசை கரையும், அந்த இடத்தில் நீர் சேரும், எடை மட்டும் அப்படியே நிற்கும். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும். படுத்தால் மூச்சு வாங்கும். சதை வற்றி நீர் கோத்த நிலையில் உயிரிழப்பு கூடுகிறது. குறைக்க வேண்டியது உப்பும், மருத்துவர் சொன்ன அளவுக்கு மேற்பட்ட தண்ணீரும்தான். சாப்பாடு குறைந்துபோயிருந்தால், ‘உலர் எடை’யை (உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடையை) மறுபடி கணிக்கச் சொல்லிக் கேளுங்கள்.