க்ரூயித்னி நமது இரண்டாவது நிலா இல்லை

மேலே ஒருவர், பூமிக்கு க்ரூயித்னி என்று இரண்டாவது நிலா இருக்கிறது, அதைப் பள்ளிப் பாடத்தில் மறைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார், பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அப்படி ஒரு விண்வெளிப் பாறை (சிறுகோள்) இருப்பது உண்மைதான், சுமார் 5 கி.மீ. அகலம், 1986 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் டங்கன் வால்ட்ரன் கண்டுபிடித்தார். ஆனால் அது சுற்றுவது சூரியனை, பூமியை அல்ல.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அது சூரியனைச் சுற்ற எடுக்கும் காலமும் கிட்டத்தட்ட ஒரு வருடம்தான். பாதை மட்டும் நீள்வட்டம்: ஒரு பக்கம் வெள்ளியின் பாதையையும் தாண்டி உள்ளே போகும், மறுபக்கம் செவ்வாய் தூரம் வரை வரும், போதாததற்கு பூமியின் பாதைத் தளத்திலிருந்து சுமார் 20 டிகிரி சாய்வு வேறு. நாமும் ஓடிக்கொண்டே பார்ப்பதால் அது அவரை விதை வடிவத்தில் வளைய வருவது போலத் தெரிகிறது, அந்தப் படத்தைத்தான் நிலா என்று போட்டுவிடுகிறார்கள். (பார்க்க அழகான படம், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நீங்களே சரிபார்க்கலாம். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் சிறுகோள் தரவுத்தளம் இலவசம், தேடும் பெட்டியில் க்ரூயித்னியின் எண்ணான 3753 என்று மட்டும் அடியுங்கள். சூரியனிலிருந்து மிகக் குறைந்த தூரம் சுமார் 0.48, அதிகபட்சம் சுமார் 1.5 வானியல் அலகு என்று வரும் (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்), பூமி 1-இல் இருக்கிறது. அப்புறம் பாதைப் படத்தைத் திறந்து ஓடவிட்டால், நடுவில் சூரியன் இருப்பது தெரியும். நிலா நமக்கு 3,84,400 கி.மீ. தூரத்தில், இது நெருங்கி வந்தாலே ஒரு கோடி கி.மீ.க்கு மேல்.