டிரஃபிளுக்குக் காசு அழாதீர்கள்

அக்டோபர் பிறந்தால் போதும், வட இத்தாலியின் ஆல்பா ஊரில் கூட்டம் அலைமோதும். வெள்ளை டிரஃபிள் சீசன். மர வேரை ஒட்டி மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சை அது; நாயை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டுகிறார்கள். நானும் அதற்காகத்தான் போனேன்.

சாப்பாட்டு மேசைக்கே சின்னத் தராசு வந்தது. டிரஃபிள் உருண்டையை நிறுத்தார்கள், தஜரின் என்ற பாஸ்தா மேல் சீவினார்கள், மிச்சத்தை மறுபடி நிறுத்தார்கள். குறைந்த கிராமுக்குப் பில். வாசனை அபாரம், அதை மறுக்கவில்லை. ஆனால் நகைக்கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. உண்மையில் எனக்குப் பிடித்தது அடியில் கிடந்த தஜரின்தான். முட்டை மஞ்சள்கருவை மாவில் தாராளமாகக் கொட்டிப் பிசைந்து, இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக வெட்டும் பாஸ்தா. வெறும் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டே தருவார்கள். முட்டை சாப்பிடும் சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

மறுநாள் ஒரு சின்ன ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பாஞ்ஞா காவ்டா கேட்டேன். அடியில் மெழுகுவத்தி எரியும் மண்சட்டி. அதில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பிட்ட நெத்திலி, மூன்றும் கரைந்து குழைந்து கிடக்கிறது. முட்டைக்கோஸ், சுட்ட குடைமிளகாய், கார்டோ என்ற செடியின் தண்டு என்று ஒவ்வொன்றாகத் தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். கருவாட்டுக் குழம்பு வாசனையில் வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆல்பா இருக்கும் பியமாண்டு மாநிலத்துக்குக் கடலே கிடையாது. அப்புறம் நெத்திலி எப்படி? லிகூரியக் கடற்கரையிலிருந்து உப்பு வந்த வழியாகவே அதுவும் மலையேறி வந்திருக்கிறது. மைரா பள்ளத்தாக்கு விவசாயிகள் குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாதபோது வண்டியில் நெத்திலி ஏற்றி ஊர் ஊராக விற்றிருக்கிறார்கள். ஆல்பாவைச் சுற்றி இன்று பணம் கொழிக்கும் இந்த லாங்கே குன்றுகளில் ஒரு காலத்தில் வறுமைதான். திராட்சைத் தோட்டங்களுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்ததே 2014இல்தான்.

ஒயினிலும் இதே கதை. எல்லோரும் பரோலோ கேட்கிறார்கள். நெபியோலோ திராட்சையில் செய்து குறைந்தது 38 மாதம் வைத்திருந்து விற்பது. அருமையான ஒயின்தான், ஆனால் இளசாகக் குடித்தால் கடுக்காய்த் துவர்ப்பு. பூண்டுச் சட்டிக்கு அது எதற்கு? பார்பேரா என்ற சிவப்பு ஒயினைக் கேளுங்கள். நல்ல புளிப்பு, விலையும் குறைவு, அந்த ஊர்க்காரர்கள் தினசரி குடிப்பதும் அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. மதியம் இரண்டரைக்கு மேல் போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு ஏழரை வரை பட்டினிதான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி நான் நடுரோட்டில் நின்றது தனிக்கதை.

பாஞ்ஞா காவ்டா சட்டி காலியாகப் போகிறது என்றால் எழுந்துவிடாதீர்கள். அடியில் தங்கிய எண்ணெயில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறித் தருவார்கள். அதற்காகக் கொஞ்சம் ரொட்டி மிச்சம் வையுங்கள்.