பேர் சொல்லாததும் பாப்பாவின் நாக்கும்

தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து 23 நாள். ராத்திரி பாப்பா வீரிட்டு அழுதாள். அம்மா வசம்புத் துண்டை ஊக்கில் குத்தி, விளக்கெண்ணெயில் தோய்த்து, அகல் சுடரில் காட்டினார். அதுவரை நான் வாயே திறக்கவில்லை. அதை உரசிப் பாப்பா நாக்கில் தடவ உரைகல்லும் சங்கில் தாய்ப்பாலும் வந்ததும்தான் சண்டை.

"உன்னையும் இப்படித்தானேடா வளர்த்தேன்? பேர் சொல்லாததைப் போய்க் குறை சொல்றியே!"

ராத்திரியில் வசம்பு என்று சொல்லக்கூடாதாம். அந்தக் கோபத்திலும் அம்மா விதியை மீறவில்லை.

எனக்கு வசம்பின் மேல் பகை கிடையாது. எங்கள் அரிசிப் பானையில் இன்றும் நாலு துண்டு கிடக்கிறது, வண்டு அண்டாது. ஓலைச்சுவடிகளையும் இதை வைத்துத்தான் பூச்சியிடமிருந்து காப்பாற்றினார்கள். ஆனால் பூச்சியை விரட்டுவதில் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. சில பூச்சிகளை மலடாக்கவே செய்யும். நாக்கில் உரசித் தடவும்போது அதுவும்தானே சேர்ந்து போகிறது?

ஜம்மு வசம்பு எண்ணெயைத் தின்ற எலிகளுக்குக் குடலில் கட்டி வந்ததாக 1967இல் ஆய்வு வந்தது. மறு வருடமே அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. வட அமெரிக்காவில் தானாக வளரும் வகையில் இந்த பீட்டா அசரோன் இல்லை, நம்மூர் வகையில்தான் அதிகம்.

எலிக்குப் போனது மாதக்கணக்கில் எண்ணெய், நாம் தடவுவது ஒரு உரசல். இரண்டும் ஒன்றில்லை; ஏற்கெனவே கொடுத்தவர்கள் பதற வேண்டாம். ஆனால் 'ஒரு உரசல்' என்பது எவ்வளவு? அம்மாவுக்கு மூன்று சுற்று, பெரியம்மாவுக்கு ஏழு. கூடிப்போனால் பெரியவர்களுக்கே வாந்தி நிற்காது. இது மூன்று கிலோ உடம்பு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னதும் இதற்காகத்தான்.

"சுட்டா விஷம் போயிடும்" என்றார் அம்மா. அந்தத் துண்டை உடைத்துக் காட்டினேன். மேலே கரி, உள்ளே வெளுப்பாக, மூக்கைத் துளைக்கும் அதே வாசனை.

இப்போது ஆன்லைனில் கருப்பு மணி கோத்த வசம்பு வளையல் வேறு விற்கிறார்கள். கையில்தானே என்பார்கள். பாப்பா கை எங்கே போகும்? வாய்க்குத்தான்.

கடைசியில் கரியை எண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவது என்று ராசியானோம். கொஞ்ச நேரத்தில் பாப்பா தூங்கிவிட்டாள்.

"பார்த்தியா?" என்றார் அம்மா. நான் ஒன்றும் பேசாமல் உரைகல்லைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டேன்.