ஸ்ஸ்ஸ்…

(வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்று. நாலாம் மாடி. கரண்ட் இல்லை. வெக்கை தாங்காமல் இரண்டு வீட்டுக் கதவும் திறந்து கிடக்கின்றன. வாசலில் கண்ணன், மடியில் இரண்டே கால் வயது ஆரூரன், நல்ல நித்திரை. எதிர் வாசலில் நிலத்தில் காலை நீட்டியபடி பூமணி மாமி, கையில் பனையோலை விசிறி, பக்கத்தில் காய்ந்த துணிக் கூடை.)

மாமி: என்ன தம்பி, பெடியனுக்கு இன்னும் பம்பர்ஸோ?

கண்ணன்: நிப்பாட்டி மூண்டு நாள், மாமி. ஜனவரியிலை நேர்சரி. பம்பர்ஸோடை வாற பிள்ளையை எடுக்கமாட்டினமாம்.

மாமி: எங்கடை காலத்திலை ஒரு வயசிலையே பழக்கிப்போடுவம். காலை நீட்டி, பாதத்திலை பிள்ளையை இருத்தி, ஸ்…

கண்ணன்: ஐயோ, அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம்!

மாமி: ஏன், போன கிழமை நான் பழக்கிவிட்டது வேலை செய்யேல்லையோ?

கண்ணன்: வேலை செய்யிறதுதான் பிரச்சினை. காலமை இவள் தோசைக்கல்லிலை தண்ணி தெளிச்சாள். கல்லு சத்தம் போட, குசினி வாசல்லை நிண்டவன் குனிஞ்சு பாக்கிறான், கீழை குளம். நேற்றுக் காலி வீதியிலை 101 பஸ் வந்து பிரேக் அடிச்சுது…

மாமி: பஸ்ஸுக்கையோ?

கண்ணன்: பஸ் ஹோல்ட்டிலை. தூக்கி வைச்சிருந்தனான். ஒஃபிஸ் சேட்.

மாமி: (சிரித்து) சரி, சத்தத்தை மாத்துவம்.

கண்ணன்: 'அரோகரா' எண்டு பழக்குவமோ?

மாமி: ஆடிவேல் திருவிழாவுக்குச் சனம் முழுக்க ஒண்டா அரோகரா எண்ணேக்கை நீர் பிள்ளையோடை எங்கை ஓடுவீர்? அதை விடும். மிட்வைஃப் மிஸ் என்னவாம்?

கண்ணன்: ஒண்டரை வயசுக்கும் மூண்டு வயசுக்கும் இடையிலை எப்பவும் ஆகலாமாம். பெடியள் கொஞ்சம் பிந்துவினமாம். ரெண்டு மணித்தியாலம் நனையாமல் இருக்கிறானோ, களிசானைத் தானாக் கழட்டுறானோ, வருகுது எண்டு சொல்லுறானோ எண்டு பாக்கட்டாம்.

மாமி: சொல்லுறானோ?

கண்ணன்: சொல்லுறான், போன பிறகு. "அப்பா, சூ வந்திட்டுது" எண்டு, ஏதோ விருந்தாள் வந்தமாதிரி.

மாமி: அதுவும் ஒரு படிதான். முந்தி அதுகும் தெரியாதே. ரெண்டுக்கு?

கண்ணன்: திரைச்சீலைக்குப் பின்னாலை போய் நிண்டு, முகம் சிவந்து, "அப்பா போங்கோ" எண்டுவான்.

மாமி: ஒளிக்கிறான் எண்டால் விளங்கிட்டுது. பிள்ளையளின்ரை கக்கூஸ் பொட்டியிலை இருத்தும்.

கண்ணன்: வாத்து மூஞ்சி போட்ட பச்சைப் பொட்டி. முதல் நாள் தலையிலை கவிட்டான். இப்ப விளையாட்டுக் கார் எல்லாம் அதுக்கைதான் பார்க் பண்ணுறான். கொழும்பிலை பார்க்கிங் கிடையாது எண்டு இப்பவே தெரிஞ்சிருக்கு. நானும் பத்து நிமிஷத்துக்கொருக்கா "வருதோ, வருதோ" எண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

மாமி: உம்மட்டை அப்பிடி ஒராள் வந்து நிண்டு கேட்டால் உமக்கு வருமோ? சாப்பிட்டு ஒரு கால் மணித்தியாலம், அரை மணித்தியாலத்திலை இருத்தும். வயிறு நிரம்பக் குடல் தானா அசையும். ரெண்டு காலும் நிலத்திலை படவேணும், தொங்கினால் முக்கேலாது. அஞ்சு நிமிஷம் பாரும். வரேல்லையோ, எழுப்பிவிடும், ஏசாதையும். ஏசினால் அடக்குவான், அடக்கினால் இறுகும், இறுகினால் நோகும். நொந்துதோ, பிறகு அந்த வாத்தைக் கண்டாலே ஓடுவான். என்ரை மூத்தவன் நாலு வயசு வரைக்கும் என்னைப் படுத்தின பாடு!

கண்ணன்: ஒரு வயசிலை பழக்கின மூத்தவனோ?

மாமி: (விசிறி வேகமாகிறது) ஒரு வயசிலை பழகினது நான். நேரம் பாத்தது நான், தூக்கிக்கொண்டு ஓடினது நான். அவன் சும்மா இருந்தவன்.

கண்ணன்: பெடியன் எல்லே, நிண்டு போகப் பழக்குறதோ, இருந்தோ?

மாமி: முதல் இருந்து. நிண்டு பழகினால் ரெண்டுக்கும் நிண்டுகொண்டே பாப்பான். நிக்கிறதுக்குக் குறி பாக்கவேணும், அது ஆறுதலா வரட்டும். உங்கடை மாமா 68 வயசிலையும் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்.

கண்ணன்: ராவிலை?

மாமி: அவசரப்படாதையும். பகல் வேறை, ராவு வேறை. ராவிலை நனையாமல் படுக்க அஞ்சு வயசும் தாண்டலாம். பம்பர்ஸைக் கட்டும், இல்லாட்டி றபர் சீற்றை விரியும். சரி, நான் போய்ச் சோத்தை இறக்கிறன். (நிலைக்கதவைப் பிடித்து எழும்புகிறார்) ஸ்ஸ்ஸ்… ஆ! என்ரை முழங்கால்!

கண்ணன்: (அசையவில்லை) மாமி…

மாமி: பயப்பிடாதையும் தம்பி, வழமையா வாற நோதான்.

கண்ணன்: அதில்லை மாமி. அந்தக் கூடையிலை துவாய் ஒண்டு இருந்தால் எறியுங்கோ.