அலகு எங்கே?

பெரியம்மா: அந்தப் பேனையை முதலில் வெளியே எடு, தம்பி. பிளக் பேஸின் மேல் ஓட்டைக்குள் பேனையைக் குத்தி வைத்துக்கொண்டுதான் ஒன்பது மாதம் உலகம் சுற்றப் போகிறாயா?

பெறாமகன்: இது இரண்டு கால் சார்ஜர், பெரியம்மா. உங்கள் வீட்டில் இருப்பதோ மூன்று சதுர ஓட்டை. மேல் ஓட்டைக்குள் எதையாவது குத்தினால்தான் கீழே உள்ளவை திறக்கின்றன. வெள்ளவத்தையில் எல்லா வீட்டிலும் இப்படித்தானே செய்கிறார்கள்?

பெரியம்மா: எல்லா வீட்டிலும் செய்வதால் அது விஞ்ஞானம் ஆகிவிடாது. மேல் ஓட்டை புவித்தொடுப்புக்கு உரியது. அதற்குரிய காலை மற்ற இரண்டையும்விட நீளமாகச் செய்திருப்பதே, அது முதலில் நுழைந்து கீழே உள்ள மூடிகளை விலக்க வேண்டும் என்பதற்காகத்தான். சிறுபிள்ளை ஊசியைக் குத்திவிடக் கூடாது என்று யாரோ ஒருவன் இரவிரவாக யோசித்துச் செய்த பூட்டை நீ ஒரு குமிழ்முனைப் பேனையால் உடைக்கிறாய். சரி, கட்டிலில் பரப்பி வைத்திருக்கிறாயே, இதெல்லாம் என்ன? கடை போடுகிறாயா?

பெறாமகன்: பயணத்துக்குக் கொண்டுபோகும் சாமான்கள். ரொறொன்ரோவில் ஆறு மாதம், அதன் பிறகு ஜப்பானில் மூன்று மாதம். கம்பனி வேலை என்றாலும் நீண்ட பயணம்தானே.

(வெள்ளை விரிப்பின்மேல் சாமான்களை வரிசையாகப் பரப்பி, கதிரையில் ஏறி நின்று மேலிருந்து படம் எடுப்பது இப்போது பயணத்தின் முதற் சடங்காகிவிட்டது. தேங்காய் உடைப்பதும் பிள்ளையாரைக் கும்பிடுவதும் அதற்குப் பிறகுதான். இந்தச் சடங்கை எழுதுபவர் மூன்று வீடுகளில் கண்ணால் கண்டிருக்கிறார். மூன்றிலும் படம் எடுத்தவர்கள் கம்பளிச் சட்டையை மறந்துவிட்டுப் போனார்கள்.)

பெரியம்மா: இந்தச் செங்கல் என்ன?

பெறாமகன்: பவர் பாங்க். இது 20,000.

பெரியம்மா: போன கிழமை ஏழாயிரத்துக்கு வாங்கியதாக உன் அம்மாவிடம் சொன்னாயே. கடைக்காரன் உன்னை ஏமாற்றினானா, நீ அவளை ஏமாற்றினாயா?

பெறாமகன்: விலை இல்லை, பெரியம்மா. கொள்ளளவு.

பெரியம்மா: லீற்றரா?

பெறாமகன்: மில்லி அம்பியர் மணி.

பெரியம்மா: அதை முதலிலேயே சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? முப்பத்திரண்டு வருடம் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். அலகு எழுதாத விடைக்கு அரைப் புள்ளிகூடக் கொடுத்ததில்லை. அதிபருடைய மகனுக்கும் கொடுத்ததில்லை.

பெறாமகன்: கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யாரும் புள்ளி போட மாட்டார்கள்.

பெரியம்மா: அங்கேதான் போடுவார்கள். விமானத்தில் அவர்கள் பார்ப்பது உன்னுடைய இருபதாயிரத்தை அல்ல, வாற்று மணியை. 100 வரைக்கும் கேள்வியில்லாமல் விடுவார்கள், 160 வரைக்கும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் என்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இருபதாயிரத்தை 3.7 வோல்ற்றால் பெருக்கி ஆயிரத்தால் பிரி.

பெறாமகன்: 74.

பெரியம்மா: எழுபத்து நான்கு என்ன? மாம்பழமா?

பெறாமகன்: வாற்று மணி!

பெரியம்மா: தப்பித்தாய். ஆனால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய சூட்கேசுக்குள் போட்டால் திறந்து எடுத்துவிடுவார்கள். பறக்கும்போது அதைப் பாவிக்கவும் இப்போது பல நிறுவனங்கள் விடுவதில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மற்றது?

பெறாமகன்: அது பழையது. 2022 மார்ச்சில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அப்போது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சனத்தோடு சனமாக நெரிபட்டு வாங்கியது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். திடீரென்று மின்சாரம் நின்றால்?

பெரியம்மா: நீ ரொறொன்ரோவுக்குப் போகவில்லை, தம்பி. 2022க்குப் போகிறாய். அதை இப்படிக் கொடு, பார்ப்போம்.

(பெரியம்மா அந்தப் பழைய பவர் பாங்கை வாங்கிக் கண்ணாடி மேசைமீது வைத்து, ஓர் ஓரத்தில் விரலால் சுண்டினார். தட்டையாக இருந்திருந்தால் அது வழுக்கி நின்றிருக்கும். அதுவோ வயிறு புடைத்திருந்தபடியால் பம்பரம்போல் இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் பெறாமகனைப் பார்த்து நின்றது.)

பெரியம்மா: பார்த்தாயா? உள்ளே வாயு பிடித்திருக்கிறது. இனி அதற்கு மின்சாரம் ஏற்றாதே, குப்பை வாளியிலும் போடாதே. மின்னணுக் கழிவு எடுக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடு.

பெறாமகன்: இரண்டு பற்றரி வைத்திருக்க நினைத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

பெரியம்மா: குற்றமாக இருந்த காலமும் உண்டு. 1990 இலிருந்து 1995 வரை யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் படிப்பித்தவள் நான். ரோர்ச் பற்றரி அப்போது தடைசெய்யப்பட்ட பொருள். கொழும்பிலிருந்து வருகிறவருடைய பையில் ஒரு சின்னப் பற்றரி இருந்தாலும் சோதனைச் சாவடியில் அவர் நின்று பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் மண்ணெண்ணெயை ஊறவைத்த விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் அயலட்டை முழுவதும் வானொலிச் செய்தி கேட்டது. சுற்றுகிறவருடைய கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவருடைய வாயும் ஓய்ந்துவிடும்.

பெறாமகன்: (சற்று நேரம் கழித்து) அந்த டைனமோ எத்தனை வோல்ற்று, பெரியம்மா?

பெரியம்மா: ஆறு. இன்றைக்குத்தான் முதன்முதலாக அலகோடு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். இந்தப் பலகை என்ன?

பெறாமகன்: புத்தகம் வாசிக்கும் கருவி. இதற்குள் 1,200 இருக்கின்றன.

பெரியம்மா: பக்கமா, புத்தகமா?

பெறாமகன்: புத்தகம்.

பெரியம்மா: நீ எவ்வளவு வாசித்திருக்கிறாய்?

பெறாமகன்: 14.

பெரியம்மா: பதினான்கு புத்தகமா? பரவாயில்லையே, நான் உன்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன்.

பெறாமகன்: முதற் புத்தகத்தில் 14 சதவீதம்.

பெரியம்மா: அதனால்தான் அலகைக் கேட்கிறேன். அது கிடக்கட்டும், இரண்டு சார்ஜர் வேறு எதற்கு?

பெறாமகன்: ஒன்று மடிக்கணினிக்கு, ஒன்று போனுக்கு. இந்த 65 வாற்றுச் சார்ஜர் இரண்டுக்கும் போதும் என்று கடையில் சொன்னார்கள். இருந்தாலும் தேவைப்பட்டால் என்று பழையதையும் வைத்திருக்கிறேன்.

பெரியம்மா: "தேவைப்பட்டால்" என்ற சொல்லுக்கு எத்தனை கிலோ என்று ஒரு நாள் நிறுத்துப் பார். சரி, இந்த ரைஸ் குக்கரை எந்தத் துணிவில் எடுத்து வைத்தாய்?

பெறாமகன்: வெளியில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது, பெரியம்மா. பிளக்கைப் பற்றிப் பயமே இல்லை. இதோ, யுனிவர்சல் அடப்டர் வாங்கியிருக்கிறேன். நூற்றைம்பது நாடுகளுக்குப் பொருந்தும். இதைச் செருகினால் இலங்கைச் சாமான் எதுவும் எந்த நாட்டிலும் வேலை செய்யும்.

பெரியம்மா: எதுவும்?

பெறாமகன்: எதுவும். பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.

(கணினித் துறையில் ஏழு வருடம் வேலை செய்தவர், தான் நாள்தோறும் கையால் தொடும் மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு நிம்மதியோடு இருப்பதைக் கண்டால் யாருக்கும் பொறாமை வரும். பெரியம்மாவுக்கு வந்தது பொறாமை அல்ல. அவர் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, அதுவரை பிளக் பேஸில் குத்தியிருந்த அதே பேனையை எடுத்தார்.)

பெரியம்மா: அடப்டர் என்பது சப்பாத்து, தம்பி. காலுக்குச் சப்பாத்தை மாற்றலாம், சப்பாத்தை மாற்றியதால் கால் மாறாது. அது காலின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது, வோல்ற்றளவைத் தொடுவதே இல்லை. இங்கே சுவரில் வருவது 230 வோல்ற்று, கனடாவில் 120, ஜப்பானில் 100. உன் குக்கரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?

பெறாமகன்: 230 வோல்ற்று, 700 வாற்று.

பெரியம்மா: நல்லது. உள்ளே இருப்பது வெறும் தடை. வோல்ற்றளவின் வர்க்கத்தை வலுவால் பிரித்தால் ஏறத்தாழ 76 ஓம் வருகிறது. அதே தடையைக் கனடாவில் செருகினால் கிடைக்கும் வலு 190 வாற்று, ஜப்பானில் 130. கனடாவில் நான்கில் ஒரு பங்கு சூடு, ஜப்பானில் அதுவும் இல்லை. ரொறொன்ரோவில் நீ உலை வைத்தால் டோக்கியோவில் இறங்கும்போதுதான் அரிசி ஊறியிருக்கும்.

பெறாமகன்: அப்படியானால் மடிக்கணினியும் வேலை செய்யாதா? என் சோறு போனாலும் பரவாயில்லை, வேலை போய்விடுமே!

பெரியம்மா: பதறாதே. அந்தக் கறுப்புப் பெட்டியின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசி.

பெறாமகன்: எழுத்து எறும்பைவிடச் சின்னது, நிறமும் சாம்பல். (போனால் படம் பிடித்துப் பெருப்பித்து) 100 இலிருந்து 240 வரை.

பெரியம்மா: என்ன, மீன் விலையா?

பெறாமகன்: வோல்ற்று, வோல்ற்று. 50 அல்லது 60 ஹேர்ட்ஸ்.

பெரியம்மா: அந்த ஒரு வரிதான் உன்னுடைய கடவுச்சீட்டு. அது இருக்கிற சாமானுக்குக் காலை மாற்றினால் போதும், எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். ஜப்பானில் கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கி வாங்கியதால் வந்த வினை, இன்னும் தீரவில்லை. உன் சார்ஜருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வரி இல்லாத குக்கர், அயன்பெட்டி, முடி உலர்த்தி, எல்லாம் இங்கேயே நிற்கட்டும். சென்ற முறை கனடாவிலிருந்து வந்த உன் சித்தப்பா எனக்கென்று ஆசையாகக் கொண்டுவந்து செருகிய கோப்பி மெசின் ஞாபகமா? 120 வோல்ற்றுக்குச் செய்ததை 230 இல் போட்டார். கோப்பி வரவில்லை, புகை வந்தது. எரிந்ததை நான் எரிந்தது என்று சொன்னதற்கு மூன்று மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை.

பெறாமகன்: அப்படியானால் எதைத்தான் கொண்டுபோவது?

பெரியம்மா: போனும் மடிக்கணினியும் வேலைக்கு வேண்டும். 65 வாற்றுச் சார்ஜர் ஒன்று, வயர் இரண்டு, அந்தச் சப்பாத்து ஒன்று, ஊதாத பவர் பாங்க் ஒன்று. மற்றவற்றில் கடந்த ஒரு மாதத்தில் நீ எதையாவது கையால் தொட்டிருந்தால் அதையும் வை.

(பெறாமகன் கட்டிலை நெடுநேரம் பார்த்தார். பறக்கும் கமரா, தலையில் கட்டும் ரோர்ச், இரண்டு ஸ்பீக்கர், கழுத்தில் மாட்டும் மின்விசிறி எல்லாம் அலுமாரிக்குத் திரும்பின. மின்விசிறி மட்டும் இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பி வந்தது. கடைசியாக அவர் சூட்கேசைக் கொளுவித் தூக்கி நிறுக்கும் கைத்தராசை எடுத்தார்.)

பெறாமகன்: 20.6 கிலோகிராம். விடுவது 23.

பெரியம்மா: இருபத்து மூன்று?

பெறாமகன்: கிலோகிராம்!

பெரியம்மா: உன் சாமான்களிலேயே இந்தத் தராசு ஒன்றுதான் அலகோடு பேசுகிறது. அருமையான கருவி. இதைக் கட்டாயம் கொண்டுபோ. கொஞ்சம் பொறு, குக்கர் இருந்த இடம் சும்மாதானே கிடக்கிறது.

(உள்ளே போனவர் மூன்று பொலித்தீன் பைகளுக்குள் சுற்றி, இறப்பர் வளையம் போட்ட பொதி ஒன்றோடு வந்தார். அறை முழுவதும் வறுத்த கொத்தமல்லியும் மிளகாயும் மணந்தன.)

பெறாமகன்: தூளா? எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?

பெரியம்மா: கொஞ்சம்தான்.

பெறாமகன்: கொஞ்சம் என்பது எந்த அலகில், பெரியம்மா?

பெரியம்மா: பதினைந்து சுண்டு. பால் பேணியால் அளந்தேன்.

பெறாமகன்: சுண்டு சர்வதேச அலகா?

பெரியம்மா: பால் பேணி எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். பேசாமல் வைத்து நிறு.

(தராசு 24.1 கிலோகிராம் என்று காட்டியது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, புறக்கோட்டையில் வாங்குகிற தராசு எதுவும் ஒருநாளும் சரியாகக் காட்டியதில்லை என்றார்.)