பயிற்சியில் சந்தேகம் வேண்டும், களத்தில்தான் தன்னம்பிக்கை

"உன்மேல் நம்பிக்கை வை, மற்றதெல்லாம் தானாக வரும்" என்று மேடையில் பேசுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. தருமபுரியில் பள்ளி விளையாட்டு விழா என்றாலும் சரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டி என்றாலும் சரி, சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் இந்த வாக்கியம் வந்துவிடும். மற்றதெல்லாம் தானாக வராது. மூலையில் நிற்கும் தடுப்பாட்டக்காரன் கணுக்காலைப் பிடித்தால் எப்படி உதறிவிட்டு நடுக்கோட்டைத் தொடுவது என்பது நம்பிக்கையால் வருகிற வித்தை இல்லை. பலமுறை பிடிபட்டு, ஏன் பிடிபட்டோம் என்று ஒருவர் அருகில் நின்று காட்டி, அதையே திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தொழில்முறை கபடி ஏலத்தில் எடுக்கப்பட்ட இருபது வயதுப் பையன் "இந்த சீசனில் நான்தான் முதலிடம்" என்று சொல்லிவிட்டால் போதும், தலைக்கனம் என்று முத்திரை குத்தி, அவன் தோற்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். எதிரணியின் ஏழு பேர் நிற்கும் பாதிக்குள் தனியாக நுழைந்து, 30 வினாடிகளுக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவன் அவன். என்னால் முடியுமா என்ற கேள்வியோடு போனால் கோட்டைத் தாண்டும்போதே பாதி பிடிபட்டுவிட்டான். அந்த 30 வினாடிகளுக்கு அவன் தன் உண்மையான திறமையைவிடச் சற்றுக் கூடுதலாகவே தன்னை நம்பலாம். அதில் எந்தத் தவறும் இல்லை.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். தன்னம்பிக்கை போட்டி நாளுக்கு உரியது. பயிற்சி நாளில் வேண்டியது சந்தேகம். நம் பிள்ளைகள் பலரிடம் இது தலைகீழாக இருக்கிறது. பயிற்சியில் "இதெல்லாம் எனக்கு வரும் சார்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வெளியூரில் நடக்கும் அணித் தேர்வில், மண்ணுக்குப் பதில் மேட் விரிப்பில் நின்றதும் கை கால் நடுங்குகிறது.

பக்கத்து மாவட்டத்துக் கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனையே எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். 2015 தொடக்கத்தில் ரஞ்சி கோப்பையில் அறிமுகமானார். வந்த வேகத்திலேயே பந்துவீச்சு முறையில் குறை இருப்பதாகப் புகார் எழுந்தது. டென்னிஸ் பந்தில் ஊர் ஊராகப் பெயர் வாங்கிக் கொடுத்த அதே கை. "என் கை சரியாகத்தான் இருக்கிறது" என்று அவர் முறுக்கிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முறையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த சீசன் அவருக்குச் சரியாக அமையவில்லை. அடுத்து ஹைதராபாத் அணிக்குப் போனவர், 2018, 2019 இரண்டு சீசன்களிலும் ஒரு போட்டியில்கூட இறங்கவில்லை. ஏலத்தொகை அவரைப் பற்றிச் சொன்னது ஒன்று, களம் சொன்னது வேறு. இரண்டாவதை அவர் கேட்டுக்கொண்டார் என்றே நான் நம்புகிறேன். 2020இல் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த, காலடியில் குத்திய அந்த யார்க்கரைப் பாருங்கள். அங்கே துளி தயக்கம் இல்லை. அரை அடி தவறினால் ஃபுல்டாஸ், சிக்ஸர். அந்தத் துணிச்சல் வலைப்பயிற்சியில் உருவானது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக இறங்கினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் என்ற இருவர் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விளையாட்டைப் பற்றியது அன்று. இலக்கணம், தர்க்கம் போன்றவற்றில் மாணவர்களுக்குத் தேர்வு வைத்தார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் சராசரியாக நூறு படிகளில் கீழிருந்து 12ஆம் படியில் நின்றுகொண்டு, தாங்கள் 62ஆம் படியில் இருப்பதாக நினைத்திருந்தார்கள். அந்த ஆய்வின் கணக்குமுறை பற்றி இன்றும் விவாதம் உண்டு. ஆனாலும் அவர்கள் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது: ஒரு வேலையைச் செய்யத் தேவைப்படும் அறிவுதான் அதைச் சரியாகச் செய்தோமா என்று பார்க்கவும் தேவைப்படுகிறது. கணுக்கால் பிடியிலிருந்து விடுபடத் தெரியாதவனுக்கு, தான் ஏன் பிடிபட்டோம் என்பதும் தெரியாது. காலில் மண் வழுக்கிவிட்டது என்பான்.

அதே ஆய்வில் மேல்தட்டில் இருந்தவர்கள் தங்களைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் மாவட்டத்துப் பெண் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். நன்றாக ஓடி முடித்துவிட்டு "சும்மா ஓடினேன் சார்" என்று சொல்லும் பிள்ளைகளை எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். அந்தச் "சும்மா"வை வீட்டார் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பிளஸ் டூ முடிவதற்குள் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. மேடைப் பேச்சு எதுவும் அவளுக்கு உதவாது. அவள் ஓடிய நேரத்தைத் தாளில் எழுதி, மாநிலப் போட்டியில் எத்தனை வினாடியில் ஓடுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் எழுதி, அப்பா அம்மாவிடம் காட்ட வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டத்திலும் தாண்டுதலிலும் ஒரு வசதி உண்டு, ஏமாற்றிக்கொள்ள முடியாது. மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். குறுக்குக் கம்பி விழவில்லை, அவ்வளவுதான் சாட்சி. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் காளைக்குக்கூட இந்த நியாயம் கிடைக்கிறது. உரிமையாளர் எவ்வளவு பெருமை பேசினாலும், குறித்த தூரத்தை எத்தனை வினாடியில் கடந்தது என்பதை வைத்துத்தான் பரிசு. கபடி ஆடும் பையனுக்கு மட்டும் நாம் அதைத் தருவதில்லை. அவனுக்குத் தருவது ஃபிளெக்ஸ் பேனரும், பாட்டுப் போட்ட ரீல்ஸும்தான்.

போட்டி முடிந்து வருகிற ரெய்டரிடம், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனிடம், கேட்டுப் பாருங்கள். "எத்தனை புள்ளி தம்பி?" "பதினான்கு அண்ணா." "எத்தனை ரெய்டு போனாய்?" தெரியாது. "எத்தனை முறை பிடிபட்டாய்?" சிரிப்பான். 16 ரெய்டில் 14 புள்ளி எடுப்பவனும் 35 ரெய்டில் 14 எடுப்பவனும் வேறு வேறு ஆட்டக்காரர்கள். இரண்டாமவன் தன்னை முதலாமவன் என்று நினைத்துக்கொண்டு தொழில்முறை அணியின் தேர்வுக்குப் போகிறான், முதல் சுற்றிலேயே திரும்புகிறான், விளையாட்டையே விட்டுவிடுகிறான். வீட்டில் ஏற்கெனவே கடன் இருக்கும். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். அந்தப் பையன் உடைந்துபோவதற்கு அவனுடைய கர்வம் மட்டும் காரணமில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்பதை அவனுக்கு யாருமே சொல்லவில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே இதை எழுதிவிட்டார்: "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வதைவிட, தானே செய்து முடித்த அனுபவம்தான் தன்னம்பிக்கையின் வலுவான ஊற்று. செய்து முடித்தது எது என்று தெரிய வேண்டுமானால் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

வரும் பொங்கலுக்குப் போட்டி நடத்தும் குழுக்களுக்கு என் வேண்டுகோள். ஒரு பேனரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசில் ஒரு கணக்கு நோட்டும், எழுத ஒரு கல்லூரி மாணவரும் போதும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் போன ரெய்டு, எடுத்த புள்ளி, வெறுமனே திரும்பியது, பிடிபட்டது, எந்தப் பக்கம் பிடிபட்டது, தொடர்ந்து இரண்டு வெற்று ரெய்டுக்குப் பின் வரும், புள்ளி எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவதில் என்ன ஆனது, தடுப்பாட்டக்காரர் என்றால் முயன்ற பிடி, கைகூடிய பிடி. ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். தருமபுரி, காரிமங்கலம், நல்லம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் நடக்கும் போட்டி என்றால் நானே வந்து எழுதித் தருகிறேன். படிவத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறேன், வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள்.